சங்கு ஊதினால் குழி

கடம்பத்தூரில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் கீரைக் கூடைகளைக் காலடியில் தள்ளிவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்கள். இளையவள் சாதாரணமாகச் சொன்னாள்:

“எங்க மாமியார் இந்நேரம் குழியில எறங்கியிருப்பாங்கோ, அக்கா.”

நான் பேப்பரை இறக்கினேன்.

“இன்னா குழிடி?”

“சண்ட வந்தப்போ, பிளேன் குண்டு போட்டா பதுங்கறதுக்குன்னு எங்க ஊட்டுக்காரரு தோட்டத்துல வெட்டுனாரே, அதான். சங்கு ஊதுனா ஒடனே எறங்கணும்னு ஆபீசருங்க வந்து சொன்னாங்க இல்ல? இன்னிக்கும் சங்கு சத்தம் கேட்டா வெத்தலப் பொட்டியத் தூக்கினு ஓடிடுவாங்கோ.”

“அடிப்பாவி, இப்ப ஊதறது கம்பெனி சங்குடி! ஷிப்டுக்கு ஊதறான்!”

“தெரியும்.”

“சண்ட முடிஞ்சி எத்தினி நாளாச்சி!”

“அதுவும் தெரியும். அவங்களுக்குத்தான் தெரியாது. சங்கு ஊதறப்போதான் நானு நிம்மதியா ரெண்டு வாய் துன்றேன். நீ வந்து ஒளறிடாத, அக்கா.”

மூத்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். “நீயெல்லாம் ஒரு மருமவளா?” என்று ஒரு மூச்சு திட்டித் தீர்த்தாள். பிறகு செவ்வாப்பேட்டை வரும்வரை கூடையிலிருந்த கீரைக்கட்டுகளை எடுத்து எடுத்து அடுக்கினாள். வண்டி நின்றதும் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“எங்க மாமியார் கொஞ்சம் ஒசரம். எவ்ளோ ஆழம் வெட்டணும்?”