படுக்கை குலுங்கக் கூடாது

— மறைக்காதீங்க மேஸ்திரி. இந்த கேரவன் என் வீட்டுக்காரரோடது. அதுக்கு அடியில என்ன வேலை நடக்குதுன்னு கேக்க எனக்கு உரிமை இல்லையா?

— இருக்கும்மா. ஆனா நீங்க அவரு சம்சாரம்தான்னு எதை வச்சு நம்புறது? வண்டியைப் பத்திக் கேட்டா வாயே திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.

— யாரு கேட்டா?

— நீங்க கேட்டா.

— பாத்தீங்களா! அப்போ நான் யாருன்னு உங்களுக்கு நல்லாவே தெரியும்.

— அடடா, வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன். சரி, வண்டியைப் பத்தி மட்டும் கேளுங்க.

— பன்னெண்டு வருஷமா இது குலுக்கின குலுக்கல்ல என் இடுப்பே கழண்டு போச்சு. ஒரு தடவை பள்ளத்துல விழுந்து, அலமாரியில இருந்த தட்டெல்லாம் என் தலையில. அப்பல்லாம் அசையாத மனுஷன், இப்ப எதுக்கு உங்ககிட்ட ஓடி வந்தாரு?

— இதுல இருந்த பட்டை ஸ்பிரிங்கு ரொம்ப வெறைப்பும்மா. ஒரு பட்டையை உருவிட்டு, ரெண்டு பக்கமும் காத்துப் பை வச்சிருக்கேன். பள்ளத்துல இறங்கினா பை அமுங்கி அடியை வாங்கிக்கும்.

— மெத்து மெத்துன்னு இருக்குமாக்கும்.

— மெத்துன்னு மட்டும் இருந்தா வளைவுல படகு மாதிரி சாயும். அதுக்குத்தான் ரெண்டு பக்கத்தையும் சேத்துப் பிடிக்கக் குறுக்குக் கம்பி. ஷாக் அப்சார்பரும் புதுசு. நேத்து படுக்கை மேல ஒரு பேசின் நிறைய தண்ணி வச்சு, ஸ்பீட் பிரேக்கர் மேல ஓட்டிப் பாத்தேன். ஒரு சொட்டு சிந்தல.

— ஏன் படுக்கை மேல? மேசை மேல வைக்க இடமில்லையோ?

— அவரு படுக்கைன்னுதான் சொன்னாரு.

— அதைக் கேக்கத்தான் வந்தேன். உங்களுக்கு அனுப்பினதை அவரு போன்ல பாத்தேன். 'படுக்கை குலுங்கக் கூடாது, அவங்களுக்குத் தாங்காது.' அவங்களாம்! என்னை ஒரு நாளாவது அவங்கன்னு சொல்லியிருப்பாரா? யாரு அது?

— எனக்குத் தெரியாதும்மா.

— கண்ணைப் பாத்துச் சொல்லுங்க.

— கண்ணுல கிரீஸ் பட்டிருக்கும்மா.

— பூசி மெழுகாதீங்க. பொம்பளைதானே?

— பொம்பளைதான். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. முதுகெலும்புல ஆபரேஷன் ஆகி, ரெண்டு மாசமா மலை மேல ஒரு ஆஸ்பத்திரியில கிடக்குறாங்க. உக்கார முடியாது. எட்டு மணி நேரம் படுத்தபடியே கீழ வந்து சேரணும்.

— எங்க வந்து சேரணும்?

— உங்க வீட்டுக்குத்தான்.

— என் வீட்டுக்கா? என்னை ஒரு வார்த்தை கேக்காமயா? அவரு அந்தப் பொம்பளையை என்னன்னு கூப்பிடுறாரு?

— அண்ணின்னு.

— பொய்யி. அவரு ஒத்தைப் புள்ளை. அண்ணனே கிடையாது, அண்ணி எங்கேருந்து வருவா? அவரு வாயால அண்ணின்னு கூப்பிட்டது ஒரே ஒருத்தியைத்தான்...

— என்னம்மா ஆச்சு? இந்த ஸ்டூல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க.

— என் கூடப் பொறந்த அக்கா, மேஸ்திரி. அவளைத்தான் அவரு மரியாதைக்கு அண்ணின்னு கூப்பிடுவாரு. எங்கப்பா செத்ததைக்கூட எனக்குச் சொல்லாம மறைச்சவ. எல்லாம் முடிஞ்சப்புறம் யாரோ சொல்லித்தான் தெரிஞ்சுது. ஒம்பது வருஷமா அவ பேச்சை நான் வீட்டுல எடுக்க விட்டதில்ல.

— அதான் அவரு பயந்து போய் ஒளிச்சு ஒளிச்சு வந்தாரு.

— அவரு பயந்தாரு. அவளுக்கென்ன பயம்? வாசல்ல கொண்டாந்து இறக்கிட்டா நான் என்ன பண்ணிடப் போறேன்னு நினைச்சிருப்பா. அப்பவும் மறைச்சா, இப்பவும் மறைக்கிறா. கழட்டுங்க, எல்லாத்தையும் கழட்டிப் போடுங்க.

— கழட்டுறேன். அதுக்கு முன்னாடி ஏறி உள்ள ஒரு பார்வை பாருங்க. படுக்கைத் தலைமாட்டுல பெல்ட்டோட ஒரு சீட்டு இருக்கு பாருங்க. அது உங்க வீட்டுக்காரர் கேட்டதில்ல. அந்தம்மாவே எனக்குப் போன் பண்ணி வைக்கச் சொன்னது.

— யாருக்காம்? நர்ஸுக்கா?

— நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்தப் பக்கத்துப் பைக்கு எவ்வளவு காத்து அடிக்கணும்னு பாக்க, உக்காரப் போறவங்க எடையைக் கேட்டேன். அதுக்கு, 'என் தங்கச்சி நேர்ல வந்து அதுல உக்காந்தாத்தான் நான் வண்டி ஏறுவேன், இல்லேன்னா இங்கயே கிடந்துக்குறேன். ஆனா அவளைப் பாத்து ஒம்பது வருஷமாச்சே தம்பி, இப்ப எத்தனை கிலோ இருப்பா?'ன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க.