ஃபார்ம் சிக்ஸ்டீன் சொன்ன சம்பளம்

"உங்க சம்பளம் கவர்மென்டுக்கு மட்டும்தான் தெரியணுமா மச்சான்?"

மட்டாஞ்சேரிப் படகுத்துறை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இளம்பெண் தன் கணவரிடம் கேட்டாள்.

"கம்பெனி இன்னும் ஃபார்ம் சிக்ஸ்டீன் தரல. வந்ததும் நானே வரிக்கணக்கு தாக்கல் பண்ணிக்கிறேன்."

"நேத்தே மெயில்ல வந்தாச்சு. உங்க போன்ல திறந்து பார்த்தேன். பெண்ணு காண வந்தப்போ உங்க வாப்பா சொன்ன சம்பளத்துல பாதிதான் அதுல இருக்கு."

அவர் கையிலிருந்த சாயாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா கூட்டிச் சொல்லிட்டாரு. அந்த நேரத்துல திருத்த எனக்குத் தைரியம் வரல."

படகு வந்து நின்றது, வரிசை நகர்ந்தது.

"நான் பி.காம். பாஸுன்னு எங்க வாப்பா சொன்னாருல்ல, அதுல இன்னும் ரெண்டு பேப்பர் பாக்கி," என்றாள் அவள். "இருந்தாலும் வரிக்கணக்கு நான்தான் போடுவேன். வருமான வரி சைட்டோட பாஸ்வேர்டைச் சொல்லுங்க."