மூழ்கடிக்காமல் பிடித்த கப்பல்

எதிர்க்கடையில் டீ சொல்லியிருக்கிறேன் தம்பி, குடித்துவிட்டுப் பேசலாம். மல்லாங்கிணற்றிலிருந்து இந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். அந்த முதல் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காருங்கள், ஃபேன் அங்கேதான் ஒழுங்காக ஓடும்.

உங்கள் தங்கச்சி மாப்பிள்ளை உட்காருகிற இடம் கடைசித் தடுப்பு. ராத்திரி ஷிப்டில் ஆப்செட் மிஷின் ஓட்டிவிட்டு வந்து, பானுப்பிரியாவைப் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏற்றி, பிள்ளை எழிலைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, தூங்க வேண்டிய பிரபாகரன் நேராக இங்கே வருவான். சிவகாசியில் பிரவுசிங் சென்டருக்கா பஞ்சம்? என் கடைதான் அவனுக்குத் தோது. இந்தத் தெருவில் அதைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. முதல் வாய் என்னுடையது, அதை ஒளிப்பதற்கில்லை. யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யார் வீட்டில் கறிக்குழம்பு என்பதெல்லாம் இந்தப் பெத்தணன் கடைக்கு வந்துதான் அடுத்த வீட்டுக்குப் போகும்.

துக்க வீட்டில் நீங்கள் கேட்டீர்கள். “பொண்டாட்டி சாகக் கெடக்கையில எந்திரிக்க மாட்டேன்னு உக்காந்திருந்தானாமே, அப்படி என்னய்யா வெளையாட்டு அது?” நியாயமான கேள்வி. இப்போது சொல்கிறேன்.

அது கப்பல் விளையாட்டு. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் ஒரே கடலில் பாய்மரக் கப்பல் ஓட்டுவார்கள், சண்டை போடுவார்கள். எதிரிக் கப்பலை மூழ்கடிப்பது வித்தையே இல்லை. அடிவயிற்றைப் பார்த்து இரும்புக் குண்டாகப் போட்டுக்கொண்டிருந்தால் தானாக இறங்கிவிடும். ஆனால் கடலுக்கடியில் கிடக்கிற கப்பலை வைத்து என்ன செய்ய? பிடிக்க வேண்டும். முதலில் காற்று வருகிற பக்கத்தில் நீங்கள் போய் நின்றுகொள்ள வேண்டும். பிறகு சங்கிலிக் குண்டு. அது பாயைக் கிழிக்கும், பாய் போனால் ஓட முடியாது. அடுத்தது சிதறு குண்டு. மரத்தை ஒன்றும் செய்யாது, தளத்தில் நிற்கிற ஆட்களை மட்டும் கழிக்கும். ஆட்கள் போதுமான அளவு குறைந்ததும் பக்கத்தில் ஒட்டி, கொக்கி போட்டு, ஏறிவிடலாம். கப்பல் முழுசாகக் கைக்கு வரும். நடுவில் அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான்.

பிரபாகரனிடம் மூன்று பாய்மரம் வைத்த பெரிய கப்பல் ஒன்று இருந்தது. போன தீபாவளி சீசன் முடிந்ததிலிருந்து ஆடி ஆடிச் சேர்த்தது. எனக்கும் ஒரு கப்பல் உண்டு. அது அவனுக்குத் தெரியாது. என் கல்லாவில் இருக்கிற கம்ப்யூட்டரில் எல்லோருடைய திரையும் தெரியும். யார் என்ன பார்க்கிறார்கள் என்று கடைக்காரன் கவனிக்க வேண்டாமா? அப்படிக் கவனித்ததில் அவன் கப்பல் எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் தெரிந்துவிடும்.

என்னிடமே வந்து புலம்புவான். “அண்ணாச்சி, எவனோ ஒரு களவாணிப்பய. நான் எங்கன போனாலும் எனக்கு முந்தி அங்கன வந்து நிக்கான்.”

“வெளிநாட்டுக்காரனா இருப்பான்லே. அவனுகளுக்கு வேற சோலி என்ன?”

“நேர்ல மட்டும் கெடைக்கட்டும் அண்ணாச்சி” என்று பல்லைக் கடித்துவிட்டு, என் கையாலேயே ஒரு சோடா வாங்கிக் குடிப்பான். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

அன்றைக்குக் காலையில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் சத்தத்தில் எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வெடித்தது எங்களுக்குக் கேட்கவில்லை. அவனுடைய பாயை நான் கிழித்து முடித்திருந்தேன். ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பிரஸ்ஸிலிருந்து வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று இங்கே வந்தால் அவன் செல்லை அணைத்துவிடுவான். அவனுக்கு எதுவென்றாலும் என் கல்லாப் போனுக்குத்தான் வரும்.

எங்கள் தெரு நர்ஸ் எவாஞ்சலின். “அண்ணாச்சி, பிரபாகரன் அண்ணன் இருக்காகளா? கொஞ்சம் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துட்டுப் போகச் சொல்லுங்க.”

இந்தப் பக்கத்தில் யாரும் போனில் விஷயத்தை உடைத்துச் சொல்வதில்லை. கொஞ்சம் வந்துட்டுப் போங்க என்பார்கள். பட்டாசு வேலைக்கு ஆள் அனுப்புகிற எந்த வீட்டிலும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். எனக்குக் கேட்காமல் இருக்க முடியாது. “பானுவா?” என்றேன்.

“ஆமா. பேசுறா அண்ணாச்சி. நல்லாப் பேசுறா. அண்ணனைத்தான் கேக்கா. வெரசா அனுப்புங்க.”

அதன் அர்த்தமும் உங்களுக்குத் தெரியும் தம்பி. வெந்தவர்கள் முதலில் தெளிவாகத்தான் பேசுவார்கள். பிறகு பேச்சு நின்றுவிடும். அந்த நல்ல பேச்சு இருக்கும்போதே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று ஆட்டோக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் போவான்.

சொல்லிவிடுகிறேன் என்று போனை வைத்தேன். அவன் கப்பலில் இன்னும் கொஞ்சம் ஆட்கள் மிச்சம் இருந்தார்கள். சொன்னால் எழுந்து ஓடிவிடுவான். ஆள் எழுந்து போன கப்பலில் ஏறினால் அது பிடித்ததாகாது, கண்டெடுத்ததாகத்தான் ஆகும். அவனை அப்படி அவமானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஒரு சுற்றில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அவன் கெட்டிக்காரன். கிழிந்த பாயோடு திரும்பித் திரும்பி நின்றான். போன் மறுபடியும் அடித்தது. யார் என்று தெரிந்த பிறகு எடுத்து என்ன கேட்க? எடுக்கவில்லை.

கடைசியில் ஏறினேன். “போச்சு அண்ணாச்சி, கொண்டுபோயிட்டான்” என்று தலையில் கை வைத்தான். அப்போதுதான் சொன்னேன். அவன் செருப்புக்கூடப் போடவில்லை. போய்ச் சேர்ந்தபோது பானுவின் கண் திறந்திருந்ததாம், பேச்சு இல்லை.

எவாஞ்சலின் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டாள், எப்போது சொன்னீர்கள் என்று. உடனே சொல்லிவிட்டேன், அவன்தான் இந்தச் சண்டை முடியட்டும் என்றான் என்றேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். நான் சொன்னதை நானே இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்காது. சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு மல்லாங்கிணற்றுக்கே வந்து சேர்ந்துவிட்டது, நீங்கள் எழிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

பிறகு ஒருநாள் அவனே வந்தான். “அண்ணாச்சி, நீங்க முந்தியே சொன்னீகளா? எனக்குக் காதுல விழலையே” என்றான்.

“சொன்னேன்லே. ஒனக்குக் கவனம் அதுல இருந்துச்சு” என்றேன்.

நம்பிவிட்டான். பிள்ளையை இனி அவன் முகத்தில் விழிக்க விடமாட்டேன் என்று நீங்கள் சொல்லி அனுப்பியதற்கு, சரி, அதுதான் நியாயம் என்று தலையாட்டினானாம். அதுவும் என் கடைக்கு வந்தது. அதனால்தான் உங்களை வரச் சொன்னேன்.

எழிலை அவனிடம் கொண்டுபோய் விடுங்கள். அவன் காதில் விழாமல் போகவில்லை தம்பி, நான் சொல்லவே இல்லை. உங்கள் தங்கச்சி அவனைக் கேட்டுக்கொண்டே இருந்த நேரம் முழுவதும், அதைத் தெரிந்துகொண்டே, நான் அவனுடைய ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தேன். தெருவிலும் நானே சொல்லிவிடுகிறேன், அது என் பொறுப்பு. உங்களுக்குக் கோபம் இருக்கும், இருக்கட்டும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவன் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் தோற்றிருந்தால், நான் உடனே சொல்லியிருப்பேன்.