செவ்வாய்க்கிழமை இறந்தவர்

காபியில் சர்க்கரை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் சார். மற்றபடி இந்த ஸ்டேஷனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மின்விசிறிகூடச் சத்தமில்லாமல் சுற்றுகிறது.

நகரிக்காரன் நான். திருப்பதியில், அலிபிரி போகும் வழியில் ஒரு தனியார் மருத்துவமனையில் டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். நோயாளிகளின் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஓரிடத்தில் இருக்குமில்லையா, அதைக் கட்டிக்காப்பவன். அது படுத்துக்கொண்டால் டாக்டர்களே கைகட்டி நிற்பார்கள். என் தங்கைக்குத் தாலி கட்டும் நேரத்தில்கூட ஃபோன் வந்தது. கெட்டிமேளத்துக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு வழி சொன்னேன். மாப்பிள்ளையைவிட என்னைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

போன வருஷம் புது மென்பொருள் வாங்கினார்கள். கோளாறு வந்தால் தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும். மேனேஜர் சுரேஷ்பாபு என் தோளைத் தட்டி, "இனிமே நீ சும்மா பாத்துக்கினு இருந்தா போதும் தமிழ்செல்வா, எல்லாம் அதே பண்ணிக்கும்" என்றார். பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அடிக்கவில்லை. பழுதோ என்று ஆபீஸ் ஃபோனிலிருந்து நானே என்னைக் கூப்பிட்டேன். நன்றாகத்தான் அடித்தது.

வேண்டுமென்றே சிலவற்றை உடைத்தும் பார்த்தேன். டீ ஆறுவதற்குள் ஒட்டவைத்துவிட்டு, 'சரிசெய்யப்பட்டது' என்று எனக்கே செய்தி அனுப்பியது. மரியாதையாகத்தான் அனுப்பியது. அதுதான் உறுத்தியது.

பிறகு ஒன்று புரிந்தது. உடைந்தது எது என்று அதற்குத் தெரியும். பொய் எது என்று தெரியாது. இதை நிர்வாகத்துக்குக் காட்ட ஒரு சின்னப் பொய் வேண்டியிருந்தது. எங்கள் சித்தூர் கிளையில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நாகபூஷணத்தைத் தேர்ந்தெடுத்தேன். முறை தவறாமல் வருபவர், உடனே தெரிந்துவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் பெயருக்கு நேரே 'இறந்தார்' என்று போட்டேன்.

சித்தூர் கவுண்டரிலிருந்து ரூபா கூப்பிட்டாள். "அண்ணா, கம்ப்யூட்டர் இவுரு செத்துட்டாருன்னு சொல்லுது. இவுரு என் எதிர்ல ஒக்காந்துகினு இட்லி துன்னுகினு இருக்காரு."

பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "ஊட்டுக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டனேம்மா."

எனக்கே சிரிப்பு வந்தது. நல்ல மனிதர்.

ரூபா அவரை உயிர்ப்பித்தாள். மென்பொருள் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு மறுபடி சாகடித்தது. மதியம்வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மெஷின் ஒதுக்குவதும் அந்த மென்பொருள்தான்; இறந்தவருக்கு ஒதுக்காது. அவர் முறை வேறொருவருக்குப் போயிற்று.

நான் நினைத்தால் ஒரு நொடி வேலை. "மேனேஜர் சுரேஷ்பாபுவ என்கிட்ட பேசச் சொல்லு" என்றேன். அவர் வாயால் கேட்கட்டும், அவ்வளவுதான். அவர் கேட்கவில்லை. "சிஸ்டமே சரி பண்ணிக்கும், வெய்ட் பண்ணச் சொல்லு" என்றாராம். சரி, நானும் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமையும் திருப்பி அனுப்பினார்கள். இந்தத் தடவை பின்னாலிருந்து பேச்சு வரவில்லை. "மூச்சு வாங்குது அண்ணா, காலு ரெண்டும் வீங்கிப் போச்சு, எதனா பண்ணு" என்றாள் ரூபா. அடுத்தடுத்து முறை தவறினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும் சார். மருத்துவமனையில் வேலை பார்ப்பவன். "மேனேஜர் எதுனா சொன்னாரா?" என்று மட்டும் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சுரேஷ்பாபு கூப்பிட்டார். "நாகபூஷணம் போயிட்டாருப்பா. சிஸ்டம் செவ்வாய்க்கெழமையே செத்துட்டதா காட்டுது. நாங்க தேதிய மாத்த மாத்த அது பழசையே போடுது. நீதான் வரணும்."

நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன். உட்கார்ந்தேன், திருத்தினேன். சுற்றி நின்றவர்கள் மூச்சுவிட்டார்கள்.

நான்தான் செய்தேன் சார், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: அந்தத் தேதியைக் கடைசிவரை மென்பொருளால் சரிசெய்ய முடியவில்லை.