ஒத்திகையில் சொல்லாத வார்த்தைகள்

ஞானஸ்நானத் தொட்டிக்குக் காலையிலேயே தண்ணீர் திறந்துவிடுவது நல்லது. வெயில் பட்டுக் குளிர் விட்டுவிடும். குளிர்ந்த தண்ணீரில் உடம்பு விறைத்துக்கொள்ளும். விறைத்த உடம்பைச் சாய்ப்பது சிரமம்.

இடுப்பளவு தண்ணீர் போதும். போதகரின் ஒரு கை ஞானஸ்நானம் பெறுகிறவர்களுடைய பிடரிக்குப் பின்னால் இருக்க வேண்டும். இன்னொரு கை, மூக்கைப் பொத்தியிருக்கும் அவர்களுடைய கைகளின் மேல். முதுகை வளைக்கக் கூடாது, முழங்காலை மடக்கச் சொல்ல வேண்டும். தண்ணீருக்குள் எவ்வளவு பெரிய ஆளும் பஞ்சுதான். தூக்கும்போதுதான் கனம் திரும்பி வரும். அதனால் எங்கள் சபையில் முந்தின நாளே எல்லாருக்கும் ஒத்திகை உண்டு. முக்குவோம், தூக்குவோம், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரியேக நாமத்தை மட்டும் சொல்வதில்லை. சொன்னால் அதுவே ஞானஸ்நானம் ஆகிவிடும்.

குழாய் வேலை செய்யும் ஒருவனைச் சபையில் ஊஞ்சல் என்பார்கள். குடியை விட்டுக் கண்ணீரோடு வருவான். பிறகு போய்விடுவான். மறுபடி வருவான். ஒவ்வொரு முறையும் அவன் வீட்டுக்கு நடையாய் நடந்தவன் நான். அவன் வராத நாளில் பிரசங்கத்தின் நடுவே வாசலையே பார்ப்பேன். வந்துவிட்டாலோ, எப்போது போவானோ என்று பார்ப்பேன். சோறு இறங்காது. படுத்தால் புரண்டுகொண்டே கிடப்பேன். "நாய் வால நிமித்த ஏன் பாஸ்டர் இவ்வளவு பாடுபடுறீங்க?" என்று சபை மூப்பர் சிரிப்பார்.

இந்த முறை ஒரு வருடம் தாண்டியிருந்தது. ஞானஸ்நானம் கேட்டு அவன் மனைவிதான் வந்தாள்.

"இந்தத் தடவ மனுஷன் நிஜமாவே மாறிட்டாருங்க ஐயா. பிள்ளைங்களே பயமில்லாம மடியில ஏறுதுங்க."

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஊஞ்சல் உச்சிக்குப் போய்விட்டால் அடுத்து எங்கே வரும் என்று உங்களுக்கே தெரியும்.

ஞானஸ்நானம் பெற்ற கணத்தில் ஒருவன் கழுவிக் கவிழ்த்த பாத்திரம். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு நாளும் அழுக்குப் படியத்தான்.

சனிக்கிழமை ஒத்திகைக்கு அவனைக் கடைசியாக வரச் சொன்னேன். மற்றவர்கள் போய்விட்டார்கள். அவன் தொட்டிக்குள் இறங்கி, அடியில் இருந்த மூடியைக் காலால் தடவிப் பார்த்தான்.

"இந்தக் கசிவ அடைச்சவன் நான்தான் ஐயா. இனி நான் கசியாம இருக்கணும். அதுக்கு நீங்கதான் பொறுப்பு."

சரி என்றேன்.

சாய்க்கும்போது திரியேக நாமத்தைச் சொன்னேன். மூக்கைப் பிடித்தபடியே அவன் கண்ணைத் திறந்தான்.

"ஐயா, அது நாளைக்குத்தானே?"

"முழங்கால மடக்குப்பா."

மடக்கினான். நம்புகிறவர்கள் உடனே திமிறுவதில்லை. போதகர் தூக்கிவிடுவார் என்று காத்திருப்பார்கள். அவனும் காத்திருந்தான். பிறகுதான் திமிறினான். என் முன்கையில் நீங்கள் பார்க்கிற கீறல்கள் அப்போது விழுந்தவை. தண்ணீரின் அசைவு நிற்கும்வரை நான் கையை எடுக்கவில்லை. மாரடைப்பு என்று அவன் மனைவியிடம் சொன்னதும் நான்தான்.

அவன் மறுபடி குடித்திருப்பான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறீர்கள். ஒன்றும் இல்லை. ஆனால் அவன் கர்த்தருடைய இளைப்பாறுதலுக்குள் போய்விட்டான் என்பதற்கு அத்தாட்சி உண்டு. அன்று அடக்க ஏற்பாடுகளை முடித்துவிட்டு வந்து படுத்தேன். ஒரு முறைகூடப் புரளாமல் தூங்கினேன்.