தீர்ப்புக்கு முன் பாட விடாத வழக்கறிஞருக்கு

ஓடுகிறீர்கள், அம்மையே! மின்வெட்டில் சிக்னல்கள் அணைந்து, ஜோகன்னஸ்பர்க்கே முட்டி மோதி நிற்க, டாக்சியிலிருந்து குதித்து, ஒரு கையில் கறுப்பு அங்கியும் மறு கையில் காலணியுமாக, அரசியலமைப்பு நீதிமன்றக் குன்றேறி ஓடுகிறீர்கள்! பின்னால் கோப்புகளோடு மூச்சு வாங்கியவர்கள் நாங்கள். போன ஆகஸ்டின் அந்தக் காட்சி கண்ணில் நிற்க, வேறெப்படித் தொடங்குவது உங்கள் பணி ஓய்வு விழாவில் வாசிக்கும் இந்த மடலை?

ஏழையர்க்கு இரங்கும் இதயமே! எதிர்வாதம் எழுந்தால் எரிமலையே! எங்கள் லிண்டெல்வா க்வாபே அம்மையே, வாழி!

முப்பத்தோர் ஆண்டுகள்! கைதிக்கு வாக்குரிமை வாங்கினீர்கள். ஆப்பிரிக்க முறையில் சிறுசிறு பின்னல் போட்டதால் பள்ளி விரட்டிய சிறுமியை வகுப்பறைக்குள் அமர வைத்தீர்கள். மற்ற வழக்கறிஞர்கள் அறையில் கட்சிக்காரருக்குக் காத்திருக்க, நீங்களோ அவர்கள் வீட்டுப் பெயின்ட் டின் மேல் அமர்ந்து, சோளக்களி தின்றபடி வாக்குமூலம் எழுதினீர்கள்.

உங்கள் கடைசி வழக்கு மெரிடா மேன்ஷன். எட்டு மாடி மக்களையும் தெருவில் தள்ளத் துடித்தார் உரிமையாளர். நீங்கள் ஓடிவந்த அன்று நீதிமன்ற வாசலில், நான்காம் மாடித் தையல்காரி செலீனா மொலெஃபே தலைமையில் மொத்தக் கூட்டமும் பாடி ஆடிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கடி! தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடி என்ன பாட்டு?"

"நீ செருப்பில்லாம ஓடி வரலாம், நாங்க பாடக் கூடாதாக்கா?"

"ஜெயிச்சதும் பாடு. தொண்டை கிழியுற வரைக்கும் பாடு!"

அந்தக் கண்டிப்பின் காரணம் அறிவோம். உங்கள் முதல் வழக்கில், வென்றோம் என்று முன்கூட்டியே பாடியவர்கள், தோற்றுக் குளிர்காலத் தெருவில் படுத்தார்கள்.

உள்ளே நீதிபதி கேட்டார், வெளியேற்றினால் இவர்கள் எங்கே போவார்கள் என்று. எதிர்த்தரப்பு தாளைப் புரட்டியது. நீங்கள் திரும்பி முன்வரிசையைக் காட்டினீர்கள்: "அவங்களே இங்கதான் உக்காந்திருக்காங்க. ஒரு தடவையாவது அவங்களைக் கேளுங்க!" தீர்ப்பு தள்ளிவைக்கப்பட்டது. மாதங்கள் போயின, உங்கள் தூக்கமும் போயிற்று.

தேடிப்போய் உதவிய கால்கள் இனித் தோட்டத்தில் திரியட்டும்! நோயின்றி, நூறாண்டு, எங்களைத் திட்டியபடியே வாழ்க!

இனி வரும் பத்தி இன்று காலை எழுதியது. அலுவலகத்தில் நுழைந்ததும் கேட்டீர்கள்: "தீர்ப்பு வந்துச்சா?"

எங்கள் தபெலோ சொன்னான்: "கரண்ட் இல்லம்மா, மெயில் திறக்கல."

"அப்ப கெட்டில் எப்படிடா கொதிக்குது?"

"அது நேத்து வச்ச சூடும்மா!"

அம்மையே, கரண்ட் இருந்தது. மெயிலும் வந்தது. மெரிடா மேன்ஷனிலிருந்து ஒருவரையும் வெளியேற்றக் கூடாது. நீதிபதிகள் அத்தனை பேரும் ஒரே முடிவு! உங்கள் கட்டளைக்குப் பயந்து, நீங்கள் அறியும்வரை பாடாமல், இந்த அரங்கக் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறது எட்டு மாடியும்.

செலீனா! கதவைத் திற. அக்காவுக்குத் தெரிஞ்சாச்சு. பாடு!

திறந்த வாசல் சட்ட மையத்து ஊழியர்கள்,
ஜோகன்னஸ்பர்க்