மெல்பேர்னில் இருந்து வந்த கசற்

எண்பதுகளில் எங்கள் ஆட்களுக்குக் கடிதத்தை விடக் கசற்றில் பேசிப் பதிந்து அனுப்புவதுதான் பிடிக்கும். கோட்-டெ-நெய்ஜ் தெரு பஸ் வரிசையில், பனிக்குள்ளே, எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் கதைத்தது இன்றைக்கும் காதில் நிற்கிறது.

“தம்பி மெல்பேர்னிலை இருந்து கசற் அனுப்பியிருக்கிறான் அன்ரி. அங்கை பின்னேரத்துக்கு ‘ஆர்வோ’வாம், காலைச் சாப்பாட்டுக்கு ‘பிரெக்கி’யாம்.”

“முழுச் சொல்லும் சொல்ல அவங்களுக்குப் பஞ்சி போலை.”

“முந்தின கசற் முழுக்க ‘நோ வொறீஸ்’. ஒண்டுக்கும் யோசிக்காதை எண்டு அர்த்தமாம்.”

“நல்லதுதானே பிள்ளை?”

“எங்கை நல்லது! ஊரிலை ஆமி பிடிச்சு அடிச்சு விட்ட அண்டைக்கும், நடக்க ஏலாமல் வந்து நிண்டு, ‘ஒண்டுமில்லை அக்கா’ எண்டவன். அவன் யோசிக்காதை எண்டால் எனக்கு நித்திரை வராது.”

“இந்தக் கசற்றிலை என்னவாம்?”

“ஃபக்டரியிலை ‘ஃபிளாட் அவுட்’டாம். மூச்சுவிட நேரமில்லை எண்டதை அப்பிடித்தான் சொல்லுவினமாம். மேற்பார்வைக்காரன் சிடுமூஞ்சியாம், சோறு குழைஞ்சு போச்சாம், முதுகு நோகுதாம். கசற்றின்ரை இரண்டு பக்கமும் ஒரே புறுபுறுப்பு.”

பஸ் வந்தது. ஏறும்போது அவள் சிரித்தாள்.

“மூண்டு தரம் போட்டுக் கேட்டிட்டு, நல்லா நித்திரை கொண்டனான் அன்ரி.”